நடுவுல கொஞ்சம் லேக்காம்!

யூடியூப்ல ஒரு தம்பி விண்வெளிப் போர்க் கதைகளை வரிசை போட்டுப் பேசிட்டிருந்தாப்ல. நல்லாத்தான் பேசுறாப்ல. பின்னாடி அலமாரி நிறையப் புத்தகம் வேற. ஜோ ஹால்ட்மனோட 'தி ஃபாரெவர் வார்' நாவலுக்கு வந்ததும் நான் நிமிர்ந்து உக்காந்தேன். நமக்குப் புடிச்ச புத்தகமாச்சே!

"முதல் பாகம் தீயா இருக்கும் ப்ரோ. நடுவுல ஹீரோ பூமிக்குத் திரும்பி வர்ற போர்ஷன் மட்டும் கொஞ்சம் லேக். அதைத் தாண்டிடலாம்."

லேக்!

யோவ், அதுதான்யா கதையே!

(அங்கயே போய்ச் சண்டை போடற தெம்பெல்லாம் இப்ப இல்லை. அதனால இங்க வந்து புலம்பறேன். நம்ம இடம், நம்ம புலம்பல். யாரு கேக்கப் போறா?)

இதுல வேடிக்கை என்னன்னா, அந்தத் தம்பி சொன்னதைக் கிட்டத்தட்ட அம்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பெரிய எடிட்டர் சொல்லிட்டார். இவராவது தாண்டிப் போகச் சொன்னார். அவர் அந்தப் பகுதி வேணவே வேணாம்னு திருப்பி அனுப்பிட்டார்! அந்தப் பகுதிதான் அப்புறம் தனியா 'யூ கேன் நெவர் கோ பேக்'னு ஒரு குறுநாவலா வந்துச்சு. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேச்சு.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன்.

டாரன்கள்னு ஒரு வேற்றுக்கிரகக் கூட்டத்தோட மனுஷங்களுக்குச் சண்டை. அதுக்கு ஆள் எடுக்க ஒரு சட்டம் போடறாங்க. நூறு பேர் கொண்ட முதல் அணி. அம்பது ஆண், அம்பது பெண். எல்லாரும் படிச்சவங்க, மூளைக்காரங்க, ஐ.க்யூ. 150-க்கு மேல. நம்ம ஹீரோ வில்லியம் மண்டெல்லா இயற்பியல் படிச்ச பையன். 'நான் வரல'ன்னு சொல்ற உரிமையெல்லாம் கிடையாது. கட்டாய ராணுவ சேவை.

இந்த இடத்துல ஒரு குசும்பு இருக்கு, கவனிச்சுக்கங்க. வியட்நாம் போர் நடந்தப்ப அமெரிக்காவுல நடந்தது இதுக்கு நேர் தலைகீழ். காலேஜ்ல படிச்சுட்டிருந்தா ராணுவத்துக்குப் போறதைத் தள்ளிப் போடலாம். வசதி இருக்கறவன் வீட்டுப் பையன் எப்படியாவது நழுவிடுவான். ஆள் பத்தலைன்னு 1966-ல பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா ஒரு திட்டம் கொண்டு வந்தார். 'ப்ராஜெக்ட் 100,000'ன்னு பேரு. அதுவரைக்கும் ராணுவத் தேர்வுல தேறாதவங்களையும் சேத்துக்கிட்டாங்க. லட்சக்கணக்குல சேந்தாங்க. ஹால்ட்மன் அதை அப்படியே கவுத்துப் போட்டுட்டார். எதிர்காலப் போர்ல புத்திசாலியைத்தான் முதல்ல பலி கொடுக்கறாங்க. எழுதும்போது ஆளு கண்டிப்பா சிரிச்சிருப்பார்.

சிரிக்க அவருக்கு உரிமையும் இருக்கு. 1967-ல மேரிலாந்து பல்கலைக்கழகத்துல இயற்பியலும் வானியலும் படிச்சு முடிச்ச கையோட அவரையே ராணுவத்துக்கு இழுத்துட்டாங்க. வியட்நாமோட மத்திய மலைப்பகுதியில காம்பேட் எஞ்சினியர் வேலை. 1968-ல குண்டு வெடிச்சுப் பலத்த காயம். பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் வாங்கிட்டு வீடு திரும்பினவர். ஆக, மண்டெல்லா யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. (ஹால்ட்மன், மண்டெல்லா... எழுத்தைக் கொஞ்சம் கலைச்சுப் போட்டுப் பாருங்க. அப்புறம் கதாநாயகி பேரு மேரிகே பாட்டர். ஹால்ட்மனோட மனைவியோட பொறந்த வீட்டுப் பேரும் அதேதான். மனுஷன் ஒளிக்கவே இல்லை.)

சரி, கதைக்கு வருவோம்.

அணிக்குப் பயிற்சி குடுக்கறது சாரோன்ங்கற கிரகத்துல. புளூட்டோவுக்கும் அப்பால இருக்கற இருட்டுக் குளிர்க் கிரகம். (இது அவர் கற்பனை பண்ண கிரகம். புளூட்டோவோட நிஜ நிலாவைக் கண்டுபிடிச்சது 1978-ல, நாவல் வந்ததுக்கு அப்புறம். அதுக்கும் சாரோன்னே பேரு வெச்சாங்க! தற்செயல்தான். ஆனா எனக்கு இந்த மாதிரித் தற்செயல்னா உசிரு.) எதிரியைப் பாக்கறதுக்கு முன்னாடி, பயிற்சியிலேயே ஆளுங்க சாகறாங்க.

அப்புறம் முதல் சண்டை. இவங்க மண்டைக்குள்ள ஏற்கெனவே மனவசியம் மூலமா வெறியை ஏத்தி வெச்சிருக்காங்க. ஒரு வார்த்தை சொன்னா போதும், டாரன்கள் செஞ்சதா சொல்ற கொடுமையெல்லாம் பொய்யான ஞாபகமா பொங்கி வரும். எதிர்ல நிக்கற டாரன்களுக்கோ நேருக்கு நேர் நின்னு சண்டை போடவே தெரியல. கொன்னு குவிக்கறாங்க. வெறி இறங்கினதும் மண்டெல்லாவுக்கு வாந்தி வராத குறை.

இதுவரைக்கும்தான் அந்தத் தம்பிக்குத் தீ.

இனிமேதான் எனக்கு.

விண்வெளியில ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குத் தாவ 'கொலாப்சர்'னு ஒரு சமாசாரம் இருக்கு. தாவறது ஒரு நொடி வேலை. ஆனா அந்தக் கொலாப்சர் வரைக்கும் போய்ச் சேரணும்ல? அதுக்கு ஒளியோட வேகத்துக்குக் கிட்டத்துல போகணும். அந்த வேகத்துல போறவனுக்கு நேரம் மெதுவா ஓடும். இது ஐன்ஸ்டைன் 1905-லயே சொல்லிட்டுப் போனது, கதைக்காகக் கட்டினது கிடையாது. மண்டெல்லாவுக்கு ரெண்டு வருஷம் போல ஆகுது. பூமியில 2024 வந்துருச்சு. அவன் கிளம்பினது 1997-ல!

(2024! நாம அதைத் தாண்டியே வந்துட்டோம். எதிர்காலக் கதை ஒவ்வொண்ணா பழைய கதை ஆகிட்டே வருது. நமக்கும் வயசாகுதுன்னு அர்த்தம்.)

சண்டையெல்லாம் முடிஞ்சு, பணிக்காலமும் முடிஞ்சு, மண்டெல்லாவும் மேரிகேயும் பூமிக்கு வர்றாங்க. இத்தனை வருஷச் சம்பளம் வட்டி போட்டுக் குவிஞ்சு கிடக்கு. காசுக்குப் பஞ்சமில்லை. ராஜா மாதிரி வாழலாம்தானே?

வாழ முடியல.

காசுன்னு சொன்னேன்ல, அந்தக் காசே மாறிப் போயிருக்கு. உலகம் பூரா சாப்பாட்டோட கலோரிக் கணக்குதான் பணம். வேலை இல்லாத ஜனம் எக்கச்சக்கம். தெருவுல நடக்கப் பயம், காசிருந்தா மெய்க்காவலர் வெச்சுக்கணும். அப்பா செத்துப் போயிட்டார். அம்மா இருக்காங்க, ஆனா கிழவி ஆயிட்டாங்க. அம்மாவோட ஒரு பொண்ணு சேந்து வாழறாங்க, துணையா, காதலா. இவனால ஜீரணிக்க முடியல. வீட்டுக்கு வந்தும் விருந்தாளி மாதிரி முழிக்கறான்.

அடுத்து வருது பாருங்க, அதைப் படிச்சுட்டு நான் புத்தகத்தைக் கவுத்து வெச்சுட்டு எழுந்து போயிட்டேன்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போகுது. டாக்டரைக் கூப்பிடறான். வைத்தியம் கிடையாதுன்னுட்டாங்க. எழுபது வயசானா ஒவ்வொருத்தருக்கும் அரசாங்கம் ஒரு மதிப்பெண் போடுது. இந்த ஆளால சமூகத்துக்கு எவ்வளவு உபயோகம்னு. அம்மாவுக்குப் போட்ட மதிப்பெண் பூஜ்யம். பூஜ்யம்னா சிகிச்சை இல்லை, அவ்வளவுதான்.

இதுல வில்லன்னு ஒருத்தர் இல்லை பாருங்க. கத்தறதுக்கு ஒரு மூஞ்சி வேணும்ல? அதுகூட இல்லை. விதி அப்படி. எந்த ஜனத்தைக் காப்பாத்தப் போறதா சொல்லி மண்டெல்லாவை அனுப்பினாங்களோ, அந்த ஜனத்தோட பட்டியல்ல அவன் அம்மா இல்லை. ஹால்ட்மன் இதை ஒப்பாரி வெக்காம, தகவல் சொல்ற குரல்ல எழுதிட்டுப் போறார். அதான் இன்னும் வலிக்குது.

மேரிகே பக்கமும் கதை இதேதான். அவளோட அப்பா அம்மா ஊரை விட்டு ஒதுங்கி ஒரு பண்ணையில இருக்காங்க. சரி, இங்கயாவது நிம்மதியா விவசாயம் பாத்துட்டு இருக்கலாம்னு ரெண்டு பேரும் அங்க போறாங்க. கொள்ளைக்கூட்டம் வருது. துப்பாக்கி எடுக்க வேண்டியதாகுது. போர் முடிச்சு வந்தவன் வீட்டு வாசல்ல மறுபடி போர். மேரிகேயோட பெத்தவங்க செத்துப் போறாங்க.

இப்ப சொல்லுங்க, இதா லேக்?

இதுக்கு அப்புறம் அவங்க எடுக்கற முடிவுதான் இந்தக் குறுநாவலோட உச்சம். மறுபடி ராணுவத்துலயே சேந்துடறாங்க! வெறுத்து ஒதுங்கின அதே ராணுவம். தேசபக்தி பொங்கினதாலயோ டாரன் மேல கோபம் வந்ததாலயோ போகல. பூமியில இருக்க இடமில்லை, அதனால போறாங்க. "சண்டைக்கு அனுப்ப மாட்டோம், நிலாவுல பயிற்சி குடுக்கற வேலை"ன்னு உறுதி குடுத்துச் சேக்கறாங்க. அங்க போய் எறங்கினதும் உத்தரவு மாறுது. நேரா போர்முனைக்கு!

எனக்கு அந்த இடத்துல சிரிப்பு வந்துச்சு, கூடவே வயித்தெரிச்சலும் வந்துச்சு.

இந்தப் பகுதி இல்லாம நாவலைப் படிச்சா என்ன ஆகும்? ஹீரோ பூமிக்கு வந்தான், புடிக்கல, திரும்பிப் போனான்னு ஏதோ கோவிச்சுக்கிட்டுப் போன மாதிரி ஆயிடும். இது இருந்தாத்தான், போரைத் தவிர வேற எதுக்கும் லாயக்கில்லாம ஒரு மனுஷனை ஆக்கி வெச்சது யாருங்கற கேள்வி வருது. மிச்ச நாவல் பூரா அந்தக் கேள்வி மேலதான் நிக்குது.

சரி, அந்த எடிட்டர் கதைக்கு வருவோம்.

பேரு பென் போவா. 'அனலாக்' பத்திரிகையோட ஆசிரியர். மோசமான ஆளெல்லாம் கிடையாது. இந்த நாவலோட மத்த துண்டுகளையெல்லாம் 1972-லேர்ந்து 1975 வரைக்கும் தன் பத்திரிகையில போட்டு வளத்துவிட்டவரே அவர்தான். ஆனா பூமிக்குத் திரும்பற பகுதியை மட்டும் ரொம்ப சோகமா இருக்குன்னு வேணாம்னுட்டார். ஹால்ட்மனும் கொஞ்சம் மிதமா வேற ஒண்ணு எழுதிக் குடுத்தார். அது 1973-ல அனலாக்ல வந்துச்சு. அதையே வெச்சு நாவலும் புத்தகமாச்சு. தூக்கிப் போட்ட பகுதியை 1975 நவம்பர்ல 'அமேசிங்' பத்திரிகை தனிக் குறுநாவலா வெளியிட்டுச்சு.

புத்தகம் வந்ததே பெரும்பாடு. பதினெட்டுப் பதிப்பகம் திருப்பி அனுப்பிச்சாம். வியட்நாமை வெச்சு அறிவியல் புனைகதையா, யாரு படிப்பான்னு. கடைசியில செயின்ட் மார்ட்டின்ஸ் போட்டாங்க. அப்புறம் என்ன? நெபுலா, ஹியூகோ, லோகஸ் மூணு விருதும் அதுக்கே. திருப்பி அனுப்பின பதினெட்டுப் பேரும் அன்னைக்கு என்ன சாப்பிட்டாங்களோ!

(ஹால்ட்மன் அயோவா எழுத்தாளர் பட்டறையில முதுகலை பண்ணினப்ப ஆய்வேட்டுக்குப் பதிலா குடுத்ததும் இந்த நாவலைத்தான். ஒரே கல்லு, எத்தனை மாங்கா பாருங்க.)

பழைய பகுதி 1991-லதான் நாவலுக்குள்ள திரும்பி வந்துச்சு. 1997-ல வந்த பதிப்பு, இதுதான் நான் எழுத நினைச்ச வடிவம்னு ஆசிரியரே ஒப்புக்கிட்டது. நான் முதல்ல படிச்சது பழைய புத்தகக் கடையில வாங்கின, அட்டை கிழிஞ்ச பழைய பதிப்பு. நல்ல நாவல்னு தோணுச்சு, அவ்வளவுதான். புதுப் பதிப்பு கைக்கு வந்தப்புறம்தான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ரெண்டாம் பாகத்தை மட்டும் ஒப்பிட்டுப் படிச்சேன். நடுவுல ஒரு பாகம் மாறினா கடைசி அத்தியாயம்கூட வேற மாதிரி படிக்குது. ஒரு வார்த்தை மாறாத அத்தியாயம்!

போவா மேல ரொம்பக் கோபப்படவும் முடியல. அது என்ன காலம்? அமெரிக்காவுல கட்டாய ஆள்சேர்ப்பு நின்னதே 1973-லதான். போர்லேர்ந்து வந்தவங்களை என்ன செய்யறதுன்னு யாருக்கும் தெரியல. வியட்நாமுக்கு அனுப்பறது பெரும்பாலும் ஒரு வருஷக் கணக்கு. நாள் முடிஞ்சா ஒத்தையாளா விமானம் ஏத்திவிடுவாங்க. காட்டுல துப்பாக்கி புடிச்சுட்டு இருந்தவன் ரெண்டு மூணு நாள்ல அம்மா சமையல்கட்டுல நிப்பான். போருக்கு அப்புறம் வர்ற மன உளைச்சலுக்கு பி.டி.எஸ்.டி.ன்னு பேர் வெச்சு மனநல மருத்துவர்கள் தங்களோட கையேட்டுல சேத்ததே 1980-லதான். இந்தக் குறுநாவல் அதுக்கு அஞ்சு வருஷம் மூத்தது!

அந்தப் பசங்க சொல்லத் தெரியாமத் தவிச்சதை இவர் ஐன்ஸ்டைனை வெச்சுச் சொல்லிட்டார். நான் போனது ஒரு வருஷம், ஆனா ஊர் இருபத்தஞ்சு வருஷம் நகந்த மாதிரி இருக்குன்னு அவங்க உணந்ததை இவர் நிஜமாவே இருபத்தஞ்சு வருஷம் ஆக்கிட்டார்.

இந்த இடத்துல ஹைன்லைன் ரசிகர்கள் சண்டைக்கு வருவாங்க. 1959-ல வந்த 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்'தான் இந்த வகைக்கே தாத்தா. ஒத்துக்கறேன். ஆனா ஹைன்லைன் கடற்படை அதிகாரியா இருந்து, காசநோய் வந்து 1934-ல ஓய்வு பெற்றவர். போர்க்களம் பாத்தவர் இல்லை. அந்த நாவல்ல ராணுவம் ஒருத்தனை மனுஷனாக்குது. இங்க ராணுவம் மனுஷனை அவன் வீட்டுக்கே அந்நியனாக்குது. ரெண்டும் படிங்க. ரெண்டாவதா இதைப் படிங்க.

இவ்வளவு தூக்கி வெச்சுப் பேசறேனே, குறையே இல்லையான்னு கேட்டா, இருக்கு. நிறையவே இருக்கு.

பெண் சிப்பாய்கள் யார் கூடப் படுக்கணும்ங்கறதுக்குக்கூட ராணுவ விதி இருக்கு முதல் பாகத்துல. ஹால்ட்மன் அதை நக்கலா எழுதறாரா, சும்மா கடந்து போறாரான்னு எனக்குக் கடைசி வரை எரிச்சல். அதே மாதிரி, ஜனத்தொகையைக் குறைக்க அரசாங்கமே ஓரினச்சேர்க்கையை ஊக்குவிக்கறதா வருது. பின்னாடி போகப் போக உலகமே அப்படி ஆகி, மண்டெல்லாதான் விசித்திரப் பிறவி. பெரும்பான்மை சிறுபான்மையா மாறினா எப்படி இருக்கும்னு காட்டற உத்தின்னு புரியுது. 1974-க்கு அது தைரியம்தான். ஆனா ஒருத்தரோட ஈர்ப்பை ஸ்விட்ச் போட்ட மாதிரி மாத்திடலாம்ங்கற நினைப்பு அன்னைக்கும் தப்பு, இன்னைக்கும் தப்பு. அதைச் சொல்லிட்டுத்தான் பாராட்டணும்.

இனி நாவலோட முடிவு. படிக்காதவங்க அடுத்த அஞ்சாறு பத்தியைத் தாண்டிடுங்க. (ஆமா, நானும் தாண்டச் சொல்றேன். இது நியாயமான தாண்டல்!)

அப்புறம் நடக்கற சண்டையில மண்டெல்லாவுக்குக் கால் போகுது, மேரிகேக்குக் கை போகுது. வைத்தியத்துல ரெண்டும் திரும்ப முளைக்குது. ஆனா ரெண்டு பேரையும் வேற வேற அணிக்குப் போடறாங்க. ஒளிவேகக் கணக்குல பிரிஞ்சா நூத்துக்கணக்கான வருஷம் பிரிஞ்ச மாதிரி. இனி பாக்கவே முடியாது.

மண்டெல்லா கடைசியா திரும்பி வரும்போது போரே முடிஞ்சிருக்கு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல நடந்த போர். எதுக்கு நடந்துச்சுன்னா, ஒரு தப்பான புரிதல். டாரன்கள் ஆரம்பிக்கவே இல்லை. பேசிக்க ஒரு வழி கிடைச்சதும் முடிஞ்சு போச்சு.

ஆனா ஒரு கடிதம் இருக்கு. மேரிகே எழுதினது. இன்னும் சில பேரோட சேந்து ஒரு பழைய போர்க்கப்பலை வாங்கி, சும்மா அஞ்சு ஒளியாண்டு போறது, திரும்பி வர்றதுன்னு ஓட்டிட்டிருக்கா. எதுக்கு? அவன் வர்ற வரைக்கும் வயசாகாம இருக்க! வெளியில பத்து வருஷம்னா அவளுக்கு ஒரு மாசம்.

இதைப் படிச்சதும் நோட்டை எடுத்தேன். நிஜமாவே கணக்கு ஒத்து வருதான்னு பாக்கணும்ல? முதல்ல ஒளிவேகத்துல 90 சதவீதம்னு போட்டேன். பத்து வருஷத்துக்கு அவளுக்கு நாலு வருஷத்துக்கு மேல ஆயிடுது. ம்ஹூம். 99 போட்டேன். பதினேழு மாசம். 99.9 போட்டா அஞ்சு மாசத்துக்குக் கொஞ்சம் மேல. கடைசியில கிட்டத்தட்ட 99.9965 சதவீதத்துல வந்து நின்னுச்சு, ஒரு மாசம்! வேகம் கூட்டற, குறைக்கற நேரத்தையெல்லாம் நான் விட்டுட்டேன், இயற்பியல் வாத்தியார்கள் அடிக்க வராதீங்க. அஞ்சு ஒளியாண்டு போய் அஞ்சு ஒளியாண்டு திரும்பினா வெளியில பத்து வருஷம். கணக்கும் சரி, காதலும் சரி.

எந்தச் சூத்திரம் முதல் தடவை அவனோட வீட்டைப் பறிச்சுதோ, அதே சூத்திரத்தை வெச்சு அவ ஒரு வீட்டைக் காத்து வெச்சிருக்கா. நடுவுல அந்த வீடு போன கதையைப் படிக்காதவனுக்கு இந்தக் கடைசிக் கடிதத்தோட எடை எப்படித் தெரியும்?

அதனால என் வேண்டுகோள் இதுதான். வாங்கும்போது 1997-லயோ அதுக்கு அப்புறமோ வந்த பதிப்பா பாத்து வாங்குங்க. பழைய புத்தகக் கடையில எடுத்தா ரெண்டாம் பாகத்தைப் புரட்டி, மேரிகேயோட அப்பா அம்மா பண்ணை வருதான்னு பாருங்க. வந்தா தைரியமா காசு குடுங்க. இங்கிலீஷ் கஷ்டமா இருக்கும்னு பயப்படாதீங்க, சின்னச் சின்ன வாக்கியம், ராணுவக்காரன் பேச்சு.

சித்திரமா படிக்கறவங்களுக்கு பெல்ஜியம் ஓவியர் மார்வானோ வரைஞ்ச காமிக்ஸ் இருக்கு. மேரிகேயோட பக்கத்துக் கதை வேணும்னா ஹால்ட்மனே 1999-ல 'ஏ செபரேட் வார்'னு ஒரு குறுநாவல் எழுதியிருக்கார், அவசியம் படிங்க. 'ஃபாரெவர் பீஸ்' பேரைப் பாத்துத் தொடர்ச்சின்னு நினைக்காதீங்க, அது வேற உலகம், வேற கதை, நல்ல கதை. நேரடித் தொடர்ச்சி 'ஃபாரெவர் ஃப்ரீ'. அதோட முடிவு என்னைக் கேட்டா வேணவே வேணாம். சொல்றதைச் சொல்லிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்.